பெரியப்பா மகன் குங்குமம் வைத்த இரும்பு

செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற எந்த ஊரிலும், மண்ணுக்கு அடியிலிருந்து எது வந்தாலும் அது ராஜா காலத்துச் சாமான்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பக் கடைக்கால் எடுத்தபோது ஒரு லாரி போல்ட் கிடைத்தது. அதைப் பீரங்கியின் திருகு என்று டீக்கடையில் பல நாள் வைத்திருந்தார்கள். கிணற்றில் தூர் வாரும்போது வந்த மோட்டார்க் குழாயின் துருப்பிடித்த ஃபுட் வால்வை அரண்மனை விளக்கு என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. தலையைத் தூக்கினால் மலைமேல் மதில் தெரிகிறது. கீழே கிடப்பதெல்லாம் அங்கிருந்து உருண்டு வந்ததாகத்தான் தோன்றும்.

இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் என் பெரியப்பா மகனை நான் பழி தீர்த்தேன். நேரில் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் அவன் என்றுதான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் என் நைனாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டது. பத்திரம் எழுதவில்லை. இன்றைக்கும் அது கூட்டுப் பட்டாதான். வடக்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம், தெற்கு ஓரத்தில் ஒரு கல். மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் கயிறு பிடித்தால் அது கிணற்றின் நடுவில் போகும். கயிற்றுக்குக் கிழக்கே எங்களுடையது, மேற்கே அவர்களுடையது, கிணறு பாதிப் பாதி. ஒருநாள் அவர்களுக்குத் தண்ணீர், மறுநாள் எங்களுக்கு. அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தவரை இதில் ஒரு சண்டையும் வந்ததில்லை.

பெரியப்பாவுக்குப் பின்னால் நைனாவும் போன பிறகு வந்த உழவுக் காலத்தில் அவன் டிராக்டர் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டது. தெரியாமல் பட்டுவிட்டது என்றான். மறுநாள் அவனே ஆள் வைத்து நட்டான். நான் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது கல் என் நிலத்துக்குள் நன்றாகத் தள்ளி நின்றது. மரத்திலிருந்து அதற்குக் கயிறு பிடித்தால் கிணறு முழுவதும் அவன் பக்கம் போய்விடும். கொஞ்ச நாளில் என் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி வரப்பில் சுருட்டிப் போட்டான். அந்த வருஷம் நான் போட்ட மணிலா, வேர்க்கடலைதான், பூ விடும் நேரத்தில் காய்ந்தது. என் மனைவி அதைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள்.

சர்வேயரைக் கூப்பிட்டோம். அவர் நிலத்தின் நாலு பக்கத்தையும் அளந்துவிட்டு, உள்ளே இருக்கும் பாகம் உங்கள் குடும்பத்து வாய்ப்பேச்சு, அதற்கு எங்களிடம் படம் கிடையாது என்று போய்விட்டார். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் ரேஷன் கடைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். படிப்பு இல்லாததால் பேச்சு வரவில்லை என்று சொல்லமாட்டேன். படிக்காதவர்கள் எவ்வளவோ பேர் ஊரையே கட்டிப்போடுகிற மாதிரி பேசுகிறார்கள். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்றைக்கும் அப்படித்தான். கல் தள்ளி நட்டிருக்கிறது என்ற ஒரு பேச்சை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "ரேஷன் கடைல எடை கம்மியா போட்டாக்கூட இவன் வாயத் தொறக்க மாட்டான். இவன் வந்து எல்லை சொல்றானாம், கேட்டுக்குங்க. பாருங்க, இவனுக்கே தெரியல. தெரிஞ்சா பேச மாட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேஷன் கடைக்காரரும் உள்ளே இருந்து சிரித்தார். என் மனைவி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கல் இப்போது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு நான் செஞ்சி டவுனில் குழாய் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலைக்குப் போனேன். ரோட்டைக் கடப்பாரையால் இடிக்கும் வேலை. ஒவ்வொரு குத்தும் யார் தலையில் விழுவதாக நினைத்துக்கொண்டு குத்தினேன் என்று சொல்லவேண்டியதில்லை. கூட வேலை செய்தவர்கள், "இன்னா வேகம்பா இவனுக்கு" என்பார்கள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவன் கூட்டத்தில் நின்று பேச்சு வராமல் முழிப்பதை நினைத்துப் பார்ப்பேன். அவன் நிலம் எனக்கு வேண்டாம். என் பாதிக் கிணறு வேண்டும். அது அவன் வாயாலேயே வரவேண்டும். அதே ரேஷன் கடைக்காரர் கேட்கவேண்டும்.

காண்ட்ராக்டரிடம் ஒரு மெஷின் இருந்தது. நீளக் கம்பு, அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம், காதில் மாட்ட ஒரு ஹெட்போன். டவுனில் ரோட்டின்மேல் ரோடு போட்டு வால்வு மூடியெல்லாம் சிமென்டுக்கு அடியில் போய்விட்டது. எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த மெஷினை ஆட்டிக்கொண்டே போனால் இரும்பு இருக்கிற இடத்தில் கத்தும். நான் அதை நன்றாக ஓட்டப் பழகிக்கொண்டேன். யாரோடும் பேசவேண்டாம், தலையைக் குனிந்து நடந்தால் போதும், எனக்கென்றே செய்த வேலை.

அதை ஆட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஒருநாள் நைனா சொன்னது நினைவுக்கு வந்தது. "கரியும் இரும்பும் போட்டுத்தான்டா நட்டோம்." எங்கள் பக்கத்தில் பாகம் பிரித்துக் கல் நடும்போது குழிக்குள் அடுப்புக்கரி கொட்டி, மேலே ஒரு இரும்புத் துண்டு போட்டு, அதற்குமேல் மண் தள்ளிக் கல்லை நிறுத்துவார்கள். கரி மக்காது. கல்லை யாராவது நகர்த்தினாலும் கரி அங்கேயே இருக்கும். கல்லைப் பிடுங்கியவனுக்கு அதற்குக் கீழே இன்னும் ஆழத்தில் ஒன்று இருப்பது தெரிந்திருக்காது. பெரும்பாலும் பழைய கலப்பைக் கொழுவைத்தான் போடுவார்கள். நானும் கொழுவைத்தான் எதிர்பார்த்தேன்.

காண்ட்ராக்டரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மெஷினைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, புதையலா?"

"இல்லண்ணே. எங்க நிலத்துல ஒரு இரும்பு."

"எடுத்துட்டுப் போ. கோட்டை பக்கம் மட்டும் போவாத. புடிச்சி உள்ள வச்சிடுவாங்க. மெஷினும் போவும், நீயும் போவ. எனக்கு மெஷின் வோணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவியின் தங்கை வீட்டில் காதுகுத்து. குடும்பத்தோடு பக்கத்தில் இருக்கும் அனந்தபுரம் போயிருந்தான். பட்டப்பகலில் நான் அவன் உழுது போட்டிருந்த இடத்தில் இறங்கி நடந்தேன். மாட்டு லாடம் ஒன்று, ஆணிகள், சோடா மூடி, சாக்லேட் காகிதம், எல்லாவற்றுக்கும் மெஷின் கத்தியது. என் மனைவி வரப்பில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. அப்புறம் ஒரு இடத்தில் காதுக்குள் கனமாக ஒரு சத்தம் விழுந்தது. வட்டமாகச் சுற்றிப் பார்த்தேன், அதே இடத்தில்தான் விழுந்தது. நிமிர்ந்து வேப்பமரத்தைப் பார்த்தேன். மரம், கிணறு, நான், மூன்றும் ஒரே நேராக இருந்தோம்.

முழங்கை ஆழத்துக்கு மண் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இரும்பு தட்டுப்பட்டது. அதற்கும் அடியில் கரி. கையில் அள்ளினால் விரலெல்லாம் கறுப்பாயிற்று. இரும்பை வெளியே எடுத்தேன். அது கொழு இல்லை.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனையில் சின்ன வளையம். மறுமுனையில் பெரிய வளையத்தில் பாதி, அதன் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டு, காதில் துளை. நடுத்தண்டு லேசாக வளைந்திருந்தது. துரு மேலே ஓடு மாதிரி ஏறியிருந்தது. வீட்டுச் சாமானில், உழவுச் சாமானில், வண்டிச் சாமானில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. குழியோரம் வைத்து போனில் ஒரு போட்டோ எடுத்தேன். அப்புறம் மண்வெட்டி முனையால் சின்ன வளையத்தின் உள்பக்கத்தைச் சுரண்டினேன். மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி "வந்துட்டான்" என்றாள். காதுகுத்தில் அவனுக்கும் அவன் சகலைக்கும் ஏதோ வாய்ச்சண்டை, சாப்பிடாமல் கிளம்பி வந்திருக்கிறான். பைக்கை ரோட்டிலேயே போட்டுவிட்டு வேகமாக வந்தான். மெஷினைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், என் கையில் இருந்ததைப் பார்த்தான். மஞ்சள் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னாடா அது?"

"தெரியலண்ணா."

"என் நெலத்துல தோண்டி எட்த்துட்டு தெரியலன்றியா? குடு இங்க."

பிடுங்கிக்கொண்டான். சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். நெற்றியில் வைத்த சந்தனம் வியர்வையில் வழிந்தது. என் மனைவி அவனிடம், "அது எல்லைக் கல்லு இரும்பு, குடுத்துரு" என்றாள்.

"எல்லைக் கல்லுக்கு எவனாவது பொன்னு போடுவானா? போம்மா."

அன்று மாலையே அவன் கடப்பாரையோடு வந்து, இன்னும் இருக்கும் என்று அந்தக் குழியைக் கிணற்று வாய் மாதிரி அகலமாக்கினான். கரியெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. எனக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று என்று என் மனைவி அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அவனைக் கொல்லவேண்டும்போல் இருந்தது. அதை மறைத்து எழுத ஒன்றுமில்லை.

ஊர் முழுக்கப் பேச்சுப் பரவியது. யானைக் கால் விலங்கு என்றார் ஒருவர். கைதி விலங்கு என்றார் இன்னொருவர். அவன் இரண்டையும் ஏற்கவில்லை. ராஜா குதிரையின் வாயில் பூட்டுவது, உள்ளே தங்கம், வெளியில் தெரியாமல் இருக்க இரும்பால் மூடியிருக்கிறார்கள் என்றான். அவன் மனைவி அதைக் கழுவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சாமிப் படங்களுக்கு நடுவில் பட்டுத்துணி விரித்து வைத்தாள். பார்க்க வந்தவர்களை எல்லாம் அவன் நிலத்துக்கே கூட்டிப்போனான். "இதோ, இந்த எடத்துலதான் கெடச்சுது. எங்க நைனா எனக்குன்னு உட்டுட்டுப் போனது" என்று அந்தக் குழியைக் காட்டினான். குழியை மூடவே இல்லை.

அது என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டையடியில் வைத்திருக்கும் பழைய சாமான்களைப் போய்ப் பார்த்தேன். பீரங்கி இருந்தது, குண்டு இருந்தது, உடைந்த சிலைகள் இருந்தன. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன், எதிலும் அந்த உருவம் இல்லை. ஒருவேளை ராஜா காலத்ததாகவே இருந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அப்படியிருந்தால் அது நைனா போட்டதாக இருக்காது. கிணறு போனது போனதுதான்.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது கான்கிரீட் கலக்கும் மெஷின் நின்றுபோயிற்று. மெக்கானிக் வந்து ரோட்டோரமாகவே அதன் டீசல் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டனை மேலே இழுத்தார். பிஸ்டனுக்கு அடியில் அது தொங்கியது. சின்னதாக, எண்ணெய் பூசிக்கொண்டு, துரு இல்லாமல், ஆனால் அதேதான். பாதி வளையம், இரண்டு காது.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, இதும் பேரு இன்னா?"

"கனெக்டிங் ராடு. ஏன், நீ கட்டப்போறியா?"

போட்டோவைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது பழைய ஆயில் இன்ஜின் ராடு. கெணத்து மேல வச்சி ஓட்டுவாங்களே, அது. மேல் ஓட்டையில பித்தளை புஷ்ஷு. இங்க பாரு, வளைஞ்சிருக்குது. எவனோ ஆயில் ஊத்தாம ஓட்டி ஜாம் பண்ணியிருக்கான். எங்கேப்பா எட்த்த?"

ஆயில் ஊற்றாமல் என்று அவர் சொன்னதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நைனாவும் பெரியப்பாவும் கூட்டாக ஒரு ஆயில் இன்ஜின் வாங்கினார்கள். ஊரில் கரண்டு மோட்டார் வராத காலம். நான் அதைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். ஒரு கோடையில் அது வெடித்த மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. நீதான் ஆயில் ஊற்றவில்லை, நீதான் ஊற்றவில்லை என்று அண்ணன் தம்பிக்குள் வந்த சண்டையில்தான் பாகமே பிரித்தார்கள். மிச்ச இன்ஜின் காயலான் கடைக்குப் போயிற்று. வளைந்த ராடு மட்டும் கல்லுக்கு அடியில் போயிருக்கிறது.

அன்று பஸ்ஸில் வரும்போது நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இதை அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே அதைக் கிணற்றில் போட்டுவிட்டு அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை என்பான். பெரியவர்களிடம் சொல்லியிருந்தால் மறுபடி கூட்டம், மறுபடி சிரிப்பு. நான் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். பிறகு எங்கள் ஊர்த் தலையாரி டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். அவர் வி.ஏ.ஓ.வுக்கு உதவியாள். ஊரில் எது நடந்தாலும் ஆபீசில் சொல்லவேண்டியது அவர் வேலை.

"எங்க அண்ணன் வீட்ல ராஜா காலத்துத் தங்கம் இருக்குதாமே, பாத்தியாண்ணா?" என்றேன்.

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "நீ பேசிக்கூட நான் இன்னிக்குத்தான்டா கேக்கறேன்" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வி.ஏ.ஓ.வும் அவருக்கு மேலே இருக்கும் ரெவின்யூ இன்ஸ்பெக்டரான ஆர்.ஐ.யும் ஜீப்பில் வந்தார்கள். அவன் வீட்டு வாசலில் ஊரே கூடியது. பெரியவர்கள் வந்தார்கள். ரேஷன் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நான் பின்னால் சைக்கிள்கள் நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டேன்.

ஆர்.ஐ. சின்ன வயசுக்காரர், மெதுவாகத்தான் பேசினார். "பூமிக்கடியில புதையல் கெடச்சா உடனே கவர்மெண்டுக்குச் சொல்லணும். சொல்லாம வீட்ல வச்சிருந்தா கேஸ். தெரியுமா?"

"புதையல்லாம் இல்லீங்க சார்."

"ஊருக்கே காட்டியிருக்கீங்க. தங்கம்னு சொன்னது நீங்கதானே?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவன் மனைவி உள்ளே போய்ப் பட்டுத்துணியோடு அதை எடுத்துவந்து கொடுத்தாள். ஆர்.ஐ. குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. "இன்னா இது?" என்று வி.ஏ.ஓ.வைக் கேட்டார். வி.ஏ.ஓ. தலையைச் சொறிந்தார். "ஜீப்புல வைங்க. நீங்களும் ஏறுங்க, தாலுகா ஆபீஸ்ல வந்து சொல்லுங்க" என்றார் ஆர்.ஐ.

அவன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். நான் பஸ் ஜன்னல் ஓரம் நினைத்துப் பார்த்தது அப்படியே என் கண் முன்னால் நின்றது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன். அந்த நேரம் இனித்தது.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். "டேய், நீதானே தோண்டுன? நீ சொல்றா. சார், இவன்தான் சார் எட்த்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். வழக்கம்போல் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். அதைப் பல நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தயாராக வைத்திருந்தேன்.

"ஆயில் இன்ஜின் ராடுங்க. எங்க நைனாவும் பெரியப்பாவும் வாங்கன இன்ஜினு. பாகம் பிரிச்சப்ப எல்லைக் கல்லுக்கு அடியில போட்டாங்க. மஞ்சளா இருக்கறது பித்தளை."

அவன் ஒரு மூச்சு விட்டான். தண்ணீரில் முழுகுகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டான். "ஆமா சார், அதேதான் சார். எங்க நைனா போட்டதுதான். இன்ஜின் ராடு. எல்லைக் கல்லுக்கு அடியில இருந்தது. சத்தியமா சார்."

"இன்ஜினுக்கா குங்குமம் வச்சீங்க?" என்றார் வி.ஏ.ஓ. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இந்தமுறை அது யாரைப் பார்த்து என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆர்.ஐ. விடவில்லை. "எல்லைக் கல்லுக்கு அடியிலன்றீங்க. எந்த எடம்? காட்டுங்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் மாறியதை நான் நன்றாகப் பார்த்தேன். கல் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டமுடியாது. அங்கே தோண்டியதே இல்லை. ஊரையே கூட்டிப்போய், இதோ இங்கேதான் கிடைத்தது என்று காட்டிய குழி திறந்தே கிடக்கிறது. எல்லைக் கல் இல்லை என்றால் புதையல், ஜீப்பில் ஏறவேண்டும். அவன் ஆர்.ஐ.யைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்.

"அந்தக் குழிதாங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பெரியவர் ஒருவர் காது கேட்காதவர் மாதிரி, "சத்தமா சொல்லுப்பா" என்றார். சத்தமாகச் சொன்னான்.

எல்லோரும் நிலத்துக்குப் போனோம். குழியிலிருந்து மரத்துக்குக் கயிறு பிடித்தார்கள். கயிறு கிணற்றின் நடுவில் போயிற்று. தலையாரி குழியோரம் குவிந்திருந்த மண்ணில் கொஞ்சம் கிளறி, கறுப்பான துண்டு ஒன்றை எடுத்து ஆர்.ஐ. கையில் வைத்தார். "இதுல எங்களுக்கு வேலை இல்ல, உங்க ஊர் வேலை, நீங்களே முடிச்சுக்குங்க" என்று ராடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்கள் ஜீப்பில் ஏறினார்கள்.

பெரியவர்கள் அவனையே கல்லைத் தூக்கிவந்து நடச் சொன்னார்கள். வீட்டு அடுப்பிலிருந்து கரி கொண்டுவந்து கொட்டினான், ராடை அதன்மேல் வைத்தான், மண் தள்ளினான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என் மனைவி என் ஒயரை எடுத்துவந்து அவன் பார்க்கும்படி வரப்பில் விரித்துப் போட்டாள்.

அந்தக் கோடையில் கிணறு வற்றிவந்தது. அவன் போட்டிருந்த நெல் நாற்று மஞ்சளாகத் திரும்பியது. என் முறை நாளில் நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மணிலாவுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் வரப்பு ஓரமாக வந்து நின்றான். நெடுநேரம் நின்றான்.

"டேய், ஒரு மணி நேரம் உடுடா. நாத்து போயிடும்."

நான் மடையைத் திருப்பினேன். அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓடியது.

"உனக்கு நாளைக்குதாண்ணா" என்றேன்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். நாற்றில் பாதி போயிற்று. மறுபடி அவன் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.